எலும்புச் சாம்பலில் எழுந்த மருந்துச்சாலை

சியால்தா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வடக்கே ராஜாபஜார் பக்கம் போகிறவர்கள் ஏறிச் செல்லும் பெரிய சாலைக்கு ஆச்சாரியா பிரபுல்ல சந்திர சாலை என்று பெயர். பஸ் கண்டக்டர்கள் ஏ.பி.சி. ரோடு என்று சுருக்கிக் கூவுவார்கள். முன்பு அதன் பெயர் அப்பர் சர்க்குலர் ரோடு. தினமும் அந்த வழியே ஆபீசுக்குப் போய் வரும் நம்மவர்களில் பலருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயையும் இவரையும் ஒருவரே என்று எண்ணிக் கொள்வதுண்டு. தமிழில் எழுதினால் இருவருமே பி.சி. ராய் ஆகி விடுவதால் வந்த குழப்பம் இது. பிதான் சந்திரர் வைத்தியம் பார்த்தவர். பிரபுல்ல சந்திரரோ மருந்து செய்தவர்.

மருந்து என்றால் கப்பலில்தான் வர வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அதே மருந்தை அதே தரத்தில் இந்த ஊரிலேயே செய்ய முடியும் என்று காட்டியவர் அவர். பெரிய கம்பெனியின் முத்திரை இல்லாவிட்டாலும் மருந்து மருந்துதான் என்று இன்று சர்க்கார்கள் விளம்பரம் செய்கின்றன. அந்த வாதத்தை 1892-லேயே செயலில் காட்டத் தொடங்கியவரின் கதை இது.

கிராமத்துப் பிள்ளை

பிரபுல்ல சந்திர ராய் 1861-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்தார். ரவீந்திரநாத் தாகூர் பிறந்ததும் அதே ஆண்டுதான். பிறந்த ஊர் ராருலி. அன்று ஜெஸ்ஸோர் ஜில்லாவிலும் பிறகு குல்னா ஜில்லாவிலும் இருந்த அந்தக் கிராமம் இன்று பங்களாதேஷில் இருக்கிறது. தந்தை ஹரீஷ் சந்திர ராய் நிலபுலன் உள்ளவர். படிப்பில் பிரியம் கொண்டவர். வீட்டில் நல்ல புத்தகசாலை வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக 1870-ல் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது.

ஹேர் ஸ்கூலில் சேர்ந்த பிரபுல்ல சந்திரரை 1874-ல் கடுமையான சீதபேதி படுக்கையில் தள்ளியது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டோடு இருந்தார். அந்த நாட்களில் தந்தையின் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தார். நோய் அவரை முற்றிலும் விட்டுப் போகவே இல்லை. ஆயுள் முழுவதும் அளந்து உண்டு, நேரத்துக்கு உறங்கி, மெலிந்த உடம்போடுதான் வாழ்ந்தார். மருந்தின் அருமையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

பிறகு ஆல்பர்ட் ஸ்கூலிலும், ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் படித்தார். ரசாயன வகுப்புக்காகப் பிரசிடென்சி கல்லூரிக்குப் போனார். அங்கே பெட்லர் என்ற ஆசிரியர் செய்து காட்டிய பரிசோதனைகள் அவரை ரசாயனத்தின் பக்கம் திருப்பி விட்டன. 1882-ல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்றுக் கப்பல் ஏறினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்து, 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

250 ரூபாய் உத்தியோகம்

1888-ல் ஊர் திரும்பியவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. கல்வி இலாகாவின் உயர்ந்த பதவிகள் அன்று வெள்ளைக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை போலவே இருந்தன. சுமார் ஓராண்டு காத்திருந்தார். நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அதே படிப்புள்ள ஆங்கிலேயருக்குக் கிடைத்த அந்தஸ்தும் ஊதியமும் அவருக்கு இல்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவரின் மனதை ஒரு விஷயம் உறுத்திக் கொண்டே இருந்தது. மூலிகையும் தாதுவும் இந்த நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போயின. அவையே புட்டியில் அடைபட்டு, லேபில் ஒட்டப்பட்டு, பல மடங்கு விலையில் திரும்பி வந்தன. மறுபுறம், பட்டம் வாங்கிய வங்காள இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்காக ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். குமாஸ்தா உத்தியோக மோகத்தை அவர் பிற்காலத்தில் எழுத்திலும் பேச்சிலும் வெளுத்து வாங்கினார். ஆபீஸ் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். ஆனால் அவர் குமாஸ்தாவைக் கேவலமாக நினைக்கவில்லை. வேறு வழி திறக்கப்படாத நிலையைத்தான் வெறுத்தார். அந்த வழியைத் திறக்கத் தாமே முற்பட்டார்.

கூரை மேல் எலும்பு

அப்பர் சர்க்குலர் ரோடு 91-ம் எண் வீட்டில் அவர் குடியிருந்தார. 1892-ல் அந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் தொழிலைத் தொடங்கினார். கையில் இருந்த முதல் சுமார் 700 ரூபாய். குடும்பச் சொத்து கரைந்து கொண்டிருந்த காலம் அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம்தான் முதல்.

முதல் முயற்சிகள் எல்லாம் ஜெயிக்கவில்லை. எலுமிச்சம் பழத்திலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். பழத்தின் விலைக்கே கட்டுப்படியாகவில்லை. பிறகு மாட்டு எலும்பிலிருந்து சோடியம் பாஸ்பேட் செய்யலாம் என்று முடிவு செய்தார். ராஜாபஜார் கசாப்புக் கடைகளிலிருந்து எலும்பு மூட்டைகள் வந்தன. அவற்றை மொட்டை மாடியில் காய வைத்தார். அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக் கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. காக்கைக் கூட்டம் வந்து எலும்புத் துண்டுகளை அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டது. தெருவார் கொதித்து எழுந்தார்கள். நகரசபைக்குப் புகார் போகும் நிலை வந்தது.

மாணிக்தலாவில் நண்பர் ஒருவர் இடம் கொடுத்தார். எலும்பையெல்லாம் அங்கே கொண்டு போய்ச் செங்கல் சூளை போல் அடுக்கி இரவில் தீ வைத்தார்கள். நடுராத்திரியில் நெருப்பைப் பார்த்த போலீஸ்காரர், யாரையோ கொன்று பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஓடி வந்தார். கிளறிப் பார்த்த பிறகே அது மாட்டு எலும்பு என்று நம்பினார். இத்தனை அமர்க்களத்துக்குப் பிறகு கிடைத்த சாம்பலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பாஸ்பேட் உப்பு எடுத்தார் பேராசிரியர். பெங்கால் கெமிக்கலின் ஆரம்பகாலச் சரக்குகளில் அது ஒன்று.

பகலில் கல்லூரி. மாலையில் வீடு திரும்பியதும் கையைச் சுருட்டிக் கொண்டு மருந்து காய்ச்சும் வேலை. பிறகு கணக்கு வழக்கு. இப்படியே ஆண்டுகள் போயின.

செய்வது சுலபம், விற்பது கஷ்டம்

அன்றைய ஆங்கில வைத்தியத்துக்கு பிரிட்டிஷ் பார்மகோபியா என்ற அதிகாரபூர்வமான நூல் ஒன்று உண்டு. எந்த மருந்தில் என்ன சரக்கு, எவ்வளவு, அதை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த மருந்துகள் எந்தக் கம்பெனியின் தனிச் சொத்தும் அல்ல. முறை தெரிந்தவர் யாரும் செய்யலாம். பிரபுல்ல சந்திரர் அந்த நூலை வைத்துக் கொண்டு, அதில் கண்ட தரத்துக்கு இம்மியும் குறையாமல் மருந்து செய்தார்.

ஆனால் கல்கத்தா மருந்துக் கடைக்காரர்கள் அந்தப் புட்டிகளைத் திருப்பிக் கூடப் பார்க்கவில்லை. சீமை லேபில் ஒட்டிய சரக்கு தானாக விற்கும்போது, உள்ளூர்ச் சரக்கை வாங்கி வைத்துக் கொண்டு ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க யாரால் முடியும் என்பது அவர்கள் நினைப்பு. மருந்தில் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. லேபில்தான் குறை!

இந்தச் சமயத்தில் துணைக்கு வந்தவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். அவர் ஒரு காரியத்தைச் சரியாகப் புரிந்து கொண்டார். நோயாளி கடைக்காரரை நம்புகிறார். கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார். சீட்டை எழுதுவது டாக்டர். ஆகவே டாக்டர் நம்பினால் போதும். ராதா கோவிந்த கர், நீல்ரத்தன் சர்க்கார் போன்ற பெரிய டாக்டர்களிடம் பெங்கால் கெமிக்கல் மருந்துகளைக் கொண்டு போனார். அவர்கள் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகு சீட்டில் எழுதத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் இந்த இருவர் பெயரிலும் கொல்கத்தாவில் பெரிய ஆஸ்பத்திரிகள் ஏற்பட்டன. டாக்டர்கள் எழுதியதும் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள்.

அமூல்ய சரண் இன்னொரு வழியையும் காட்டினார். நாட்டு வைத்தியர்கள் கையாண்டு வந்த மூலிகைகளை ஆங்கில முறைப்படி வடித்து, அளவு நிர்ணயித்துப் புட்டியில் அடைத்தார்கள். ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சத்து, குடசப்பாலைப் பட்டைச் சாரம், ஓமத் தண்ணீர் எல்லாம் வெளிவந்தன. நம் பாட்டிமார் குழந்தையின் வயிற்று வலிக்குக் கொடுத்த அதே ஓமத் தண்ணீர்தான். பெங்கால் கெமிக்கல் அதற்கு அக்வா டைகோடிஸ் என்று லத்தீன் பெயர் சூட்டியது. கல்கத்தாவில் நடந்த மருத்துவ மகாநாட்டில் இந்த மருந்துகள் பார்வைக்கு வைக்கப்பட்டு நல்ல பெயர் வாங்கின.

1898-ல் கல்கத்தாவில் பரவிய பிளேக் நோய் அமூல்ய சரண் போஸைக் கொண்டு போய் விட்டது. உற்பத்தியில் கை கொடுத்து வந்த சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளைஞர் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய விஷத்துக்குப் பலியானார். இரண்டு தூண்களும் சாய்ந்த பிறகும் பிரபுல்ல சந்திரர் கடையைக் கட்டவில்லை.

1901 ஏப்ரல் 12-ந் தேதி அது பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்ற லிமிடெட் கம்பெனியாக மாறியது. 1903-ல் ராஜசேகர் பாசு வந்து சேர்ந்தார்; பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்க வைத்த எழுத்தாளர் அவரேதான். 1905-ல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. 1920-ல் பானிஹாட்டியில் இன்னொன்று. 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டு கப்பல் வரத்து குறைந்து மருந்து விலை ஏறியபோது, லேபிலைப் பார்த்து முகம் சுளித்தவர்களே பெங்கால் கெமிக்கலைத் தேடி வந்தார்கள்.

ஒரு கட்டில், ஒரு அறை

தொழிலில் இறங்கியதால் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பாதரசத்தின் நைட்ரைட் உப்பைப் பற்றி 1896-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி வெளிநாட்டு விஞ்ஞானிகளின் கவனத்தைக் கவர்ந்தது. பழைய இந்திய ரசாயன நூல்களைத் துருவி ஆராய்ந்து, 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக ஹிந்து ரசாயன சரித்திரம் எழுதினார். 1919-ல் சர் பட்டம் கிடைத்தது. 1924-ல் இந்திய ரசாயன சங்கம் தோன்றியபோது அவரே முதல் தலைவர்.

1916-ல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழகத்தின் ஸயன்ஸ் காலேஜில் பாலித் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டு அதே கல்லூரியில் பௌதிகத்துக்குப் பாலித் பேராசிரியராக வந்தவர் நம் சி.வி. ராமன். கல்கத்தாவில் பெரிய நிதி இலாகா உத்தியோகத்தை உதறி விட்டு வந்த தமிழரும், வங்கத்து ரசாயன ஆச்சாரியரும் ஒரே கல்லூரியில் பாடம் நடத்தினார்கள்.

ஸயன்ஸ் காலேஜின் கதவு எண் 92. எலும்பு காய்ந்த வீடு 91. அவருடைய பெருவாழ்வு அந்த இரண்டு கதவு எண்களுக்குள் அடங்கி விட்டது என்று சொல்லலாம். அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. கல்லூரியிலேயே ஒரு அறையில் தங்கினார். ஒரு கட்டில், சில துணிகள், நிறையப் புத்தகங்கள், கூடவே ஏழை மாணவர்கள் சிலர். 1921-ல் 60 வயது நிறைந்தது. அதன் பிறகு தமக்கு வரும் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து விட்டார். 1922-ல் வடவங்கத்தைப் பெருவெள்ளம் தாக்கியபோது நிவாரணக் கமிட்டிக்குத் தலைமை தாங்கி, வீடு வீடாகப் பணமும் துணியும் திரட்ட வைத்தார். 1944 ஜூன் 16-ந் தேதி, 82-ம் வயதில், அந்தக் கல்லூரி அறையிலேயே உயிர் நீத்தார்.

அவருக்குப் பின்

ஆச்சாரியர் காட்டிய வழி சுதந்திரத்துக்குப் பிறகும் உடனே அகலமாகி விடவில்லை. 1911-ம் ஆண்டு ஆங்கிலேயர் போட்ட பேடண்ட் சட்டம் அப்படியே இருந்தது. புது மருந்துகளின் உரிமை வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில் இருந்தது. உலகிலேயே மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட் கமிட்டி ஒன்றே சுட்டிக் காட்டியது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் யோசனையைச் சொன்னவர் ஒரு தமிழர், நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையைத் தழுவி 1970-ல் புதிய சட்டம் வந்தது, 1972-ல் அமலானது. மருந்துக்குப் பேடண்ட் கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே, அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான் என்றது சட்டம். வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய யாருக்கும் தடை இல்லை. 1975-ல் ஹாத்தி கமிட்டி இன்னும் ஒரு படி மேலே போய், கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டு வரச் சொன்னது. ஜெனரிக் என்று இன்று நாம் சொல்வது இந்தப் பொதுப்பெயர் மருந்தைத்தான்.

அண்டை நாடுகளும் இதே பாதையில் நடந்தன. இலங்கையில் டாக்டர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1970-களின் தொடக்கத்தில் அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டு, பொதுப்பெயரில் மருந்தை மொத்தமாக வாங்கிச் செலவைக் குறைத்தது. ஆச்சாரியர் பிறந்த மண்ணான பங்களாதேஷ் 1982-ல் புதிய மருந்துக் கொள்கை வகுத்து, பயனற்றவை, தீங்கானவை என்று 1,700-க்கும் மேற்பட்ட மருந்துகளை விலக்க உத்தரவிட்டு, உள்நாட்டு உற்பத்திக்கு இடம் கொடுத்தது. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றது. அதே மருந்தைத் தொண்டு நிறுவனத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக இந்தியாவின் சிப்லா கம்பெனி முன்வந்தது. அதன் பிறகு ஆப்பிரிக்க ஏழைக்கும் அந்த மருந்து எட்டியது. 2005-ல் உலக வர்த்தக உடன்பாட்டின்படி மருந்துக்கே பேடண்ட் மீண்டும் வந்தது. ஆயினும், பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புது உரிமை கேட்பதற்குச் சட்டம் தடை போட்டது. ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்குச் சென்னை பேடண்ட் ஆபீஸ் 2006-ல் உரிமை மறுத்ததும், அதை 2013-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்ததும் இந்தத் தடையின் பேரில்தான்.

தமிழ்நாட்டில் சர்க்கார் மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயர் மருந்தை மொத்தமாக வாங்கிச் சோதித்து அனுப்ப 1994-ல் தனி நிறுவனம் அமைந்தது. மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் 2008-ல் தொடங்கின. மேற்கு வங்க சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2012 முதல் நியாய விலை மருந்துக் கடைகள் வந்தன. டாக்டர்கள் பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016-ல் மருத்துவ கவுன்சில் விதி திருத்தப்பட்டது.

சட்டம் வந்தது, கடை வந்தது. இருந்தும் மாதக் கடைசியில் மருந்துச் சீட்டோடு நிற்கும் தொழிலாளிக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. விலை குறைந்தால் சரக்கும் மட்டமாக இருக்குமோ என்ற தயக்கம் அது. 1890-களில் கல்கத்தா கடைக்காரர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். ஆச்சாரியர் அந்தச் சந்தேகத்தைப் பழித்துப் பேசவில்லை. பேச்சால் தீர்க்கவும் முயலவில்லை. ஒவ்வொரு புட்டியையும் நூலில் கண்ட அளவோடு ஒத்துப் பார்த்தார். டாக்டர்களைச் சோதிக்கச் சொன்னார். அவர்கள் எழுதிய சீட்டுதான் சந்தேகத்தைத் தீர்த்தது. பொதுப்பெயர் மருந்துக்கும் இதே விதிதான். விலையைக் குறைக்கச் சட்டத்தால் முடியும். நம்பிக்கையை உண்டாக்க இடைவிடாத பரிசோதனையும் டாக்டரின் பேனாவும் வேண்டும். இவற்றில் எது தவறினாலும் ஏழை மறுபடியும் லேபிலுக்கே பணம் கொடுப்பான்.

பெங்கால் கெமிக்கலும் ஏற்ற இறக்கம் கண்டது. நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனியின் நிர்வாகத்தை 1977-ல் மத்திய அரசு ஏற்றது. 1980-ல் அது தேசியமயம் ஆயிற்று. 2020-ல் கொரோனா காலத்தில் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரைக்கு உலகமே அலைந்தபோது, அதைத் தயாரிக்க அனுமதி பெற்று மறுபடியும் பத்திரிகைகளில் அடிபட்டது.

மாணிக்தலா தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். எலும்பு எரிந்த நெருப்பைப் பார்த்துப் போலீஸ்காரர் ஓடி வந்தது அந்த மாணிக்தலாவில்தான். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த மருந்துச்சாலை ஆச்சாரியர் மறைந்து பல தலைமுறை ஆன பின்பும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.